காத்தாடப் போனவர்

சிதம்பரம் கீழ வீதியில், கோபுரத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, "கோயில் எந்தப் பக்கங்க?" என்று கேட்ட வெளியூர்க் குடும்பத்துக்கு "தெரியாதுங்க" என்று பதில் சொன்ன மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு மாமா.

கேட்ட அம்மாள் கையைத் தூக்கிக் காட்டி, "அப்ப அது என்னங்க?" என்றாள்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "கோபுரங்க" என்றார்.

"எந்தக் கோயில் கோபுரம்?"

மாமா காய்கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். நானும் முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறக்கிறவள் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்னாலேயே போனேன். "ரெண்டும் ஒரு மாதிரி போல, பாவம்" என்று அந்த அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. மாமா அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு, அதனால் நினைவில் இருக்கிறது.

மாமாவிடம் யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. எங்கே போகிறார், எப்போது வருவார், வீட்டில் யார் வந்திருக்கிறார்கள், எத்தனை பேருக்குச் சமையல், எதற்கும் பதில் கிடையாது. எங்கள் பக்கத்தில் தெருவில் ஒருவரைப் பார்த்தால் "எங்க போறீங்க?" என்றுதான் கேட்போம். கேட்கிறவருக்கு அது தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் போனால் நன்றாக இருக்காதே என்று கேட்பது. சொல்கிறவரும் "பேங்குக்கு", "மருந்து வாங்க", "மச்சான் ஊட்டுக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். மாமாவுக்கு ஒரே பதில்தான்.

"சும்மா, காத்தாட."

மழை கொட்டும். கையில் குடை, கக்கத்தில் டாக்டர் சீட்டு இருக்கும். "எங்க மாமா?" என்றால், "சும்மா, காத்தாட." ஒருமுறை கடலூர் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்டக்டரிடமே அப்படிச் சொன்னார் என்று அக்கா சொல்வாள். அக்கா மிகைப்படுத்துகிறவள்தான். ஆனால் இதை நான் நம்புகிறேன்.

கடலூர் திருப்பாப்புலியூரில் அவர் மாவு மில் வைத்திருந்தார். மற்ற மில்லில் எல்லாம் அரிசி டின்னைத் திறந்ததுமே விசாரணை தொடங்கிவிடும். "என்னாக்கா, இன்னிக்கி ஜாஸ்தியா இருக்கு? பொண்ணு பாக்க வராங்களா?" என்பார்கள். குறைந்தாலும் விடமாட்டார்கள். "என்னா, மருமவ கோச்சிக்கிட்டுப் போயிட்டாளா?" என்பார்கள். மாமா எதுவும் கேட்கமாட்டார். டின்னை வாங்குவார், அரைப்பார், தட்டிக் கொடுப்பார். எந்த டின் யாருடையது என்று அடுத்தவர் கேட்டால், "டின்னுங்களா? எல்லாம் ஒண்ணுதான்" என்பார்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுப் பெண் புருஷன் வீட்டிலிருந்து அடிபட்டு வந்து அம்மா வீட்டில் ஒளிந்திருந்தாள். வெளியே தெரிந்தால் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவான். அந்த அம்மா வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கோதுமை கொண்டுவந்ததை வைத்தே மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் ஒரு வேலையில் சேர்ந்து தைரியமாகத் தெருவில் நடந்த பிறகு அவளுடைய அம்மாவே வந்து சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும். பெண்கள் தூரத்திலிருந்தெல்லாம் அந்த மில்லுக்கு வந்ததற்கு அதுதான் காரணம். அங்கே வாயைத் திறக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வாய் திறக்காததால் பிள்ளைகள் பட்டினி கிடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

சுனாமி வந்த சமயம். தேவனாம்பட்டினத்திலிருந்து கட்டிய துணியோடு ஓடிவந்தவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். மாமா மில்லை மூடிவிட்டு, இருந்த அரிசியையெல்லாம் நொய்யாக உடைத்துக்கொண்டுபோய் அங்கே கஞ்சி காய்ச்சினார். நானும் சிதம்பரத்திலிருந்து துணிமணிகளை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். உள்ளே ஒவ்வொருவருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மாமாதான். யாருக்குக் காய்ச்சல், எந்தக் குழந்தைக்கு யாரும் இல்லை, எல்லாம் அவருக்குத் தெரியும்.

சாப்பாட்டுப் பொட்டலங்களோடு ஒரு வேன் வந்தது. யாரோ நல்லவர்கள் அனுப்பியது. வேனில் இருந்த பையன் இறங்காமலே, வாசலில் நின்ற மாமாவிடம், "உள்ள எத்தினி பேரு சார் இருக்காங்க?" என்றான்.

"தெரியாதுங்க."

"தோராயமா சொல்லுங்க சார்."

மாமா மண்டபத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"ஆளு கம்மிதான் போல" என்று அந்தப் பையன் ஒரே ஒரு சாக்கை இறக்கிவிட்டு வேனைத் திருப்பச் சொல்லிவிட்டான். உள்ளேயிருந்து ஓடிவந்த பிள்ளைகளில் முன்னால் வந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன். ஓடிப்போய் வேனைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். எனக்கும் குரல் வரவில்லை.

அக்கா வந்தாள். தலையில் அடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கத்தினாள். "எத்தினி பேருன்னு சொன்னா இங்க யாருய்யா வந்து குண்டு போடப் போறான்? குவைத்துல தண்ணி ஊத்தின கதைய இன்னும் எத்தினி நாளைக்கிய்யா வச்சிக்கிட்டு எங்கள சாவடிப்ப?"

மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு வேன் போன பக்கம் போனார். சற்று நேரத்தில் வேன் திரும்பி வந்தது. முன்னால் சைக்கிள், பின்னால் வேன். அந்தப் பையன் இறங்கி, "என்னாங்க இவரு, வண்டிக்கி முன்னாடி வந்து நின்னுக்கிட்டுக் கும்புடறாரு. எத்தினி பேருன்னு கேட்டா, நீங்களே வந்து பாருங்க, நீங்களே வந்து பாருங்கன்னு அழுவுறாரு" என்றான்.

அக்கா கத்தியது ஊருக்குத் தெரிந்துவிட்டது. குவைத்துச் சண்டைக்குப் பிறகு மாமா ஊர் திரும்பியது எல்லாருக்கும் தெரியும். அங்கே என்ன நடந்தது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அக்காவிடமிருந்து அரைகுறையாகப் பிடுங்கிய செய்தியை ஊர் தன் விருப்பத்துக்கு வளர்த்துக்கொண்டது. மாமாவுக்கு சி.ஐ.டி. என்று பெயர் வந்தது. மில்லுக்கு சி.ஐ.டி. மில்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இது நல்ல வேடிக்கையாகப் போய்விட்டது. சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சகல, ஒண்ணு சொல்லட்டா? நீங்க துப்பு குடுத்ததாலதான் சண்டையே சீக்கிரம் முடிஞ்சிதாம். நம்ம குடும்பத்துல இப்பிடி ஒரு ஆளா! மெடலு குடுக்காம உட்டுட்டாங்களே" என்றார். பந்தியே சிரித்தது.

மாமா சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தார்.

"எங்க சகல?"

அவர் சொல்வதற்குள் பந்தியில் இருந்தவர்களே சேர்ந்து, "சும்மா, காத்தாட!" என்றார்கள்.

நான் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். எங்கள் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவர் இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.

அந்தக் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் சீயக்காய் அரைக்க மாமா மில்லுக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டில் இருந்தாள். பாதியில் கரண்ட் போய்விட்டது. அத்தனை நேரம் ஓடிய மெஷின் நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது. மாமா சாக்கின் மேல் உட்கார்ந்தார். அவர் புருவமெல்லாம் மாவு. நான் டின்னுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"உன்கிட்ட சொல்லலாம் பாப்பா. நீதான் ஒண்ணும் கேக்க மாட்ட."

குவைத்தில் அவர் தண்ணீர் லாரி ஓட்டினார். அந்த நாட்டைப் பக்கத்து நாட்டுப் பட்டாளம் வந்து பிடித்துக்கொண்டபோது, ஊர் திரும்ப வழி கிடைத்தவர்கள் திரும்பிவிட்டார்கள். இவர் மாட்டிக்கொண்டார். வந்த பட்டாளத்துக்காரர்கள் லாரியையும் இவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். மணல்காட்டுக்குள் பள்ளம் தோண்டி உட்கார்ந்திருந்த சிப்பாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது வேலை.

"எல்லாம் சின்னப் பசங்க பாப்பா. சண்ட போட வந்தவனுங்க மாதிரியே இல்ல. குடிக்க மட்டுந்தான் தண்ணி, குளிக்கக் கூடாதுன்னு மேல ஆர்டரு. ஒருத்தன் மட்டும் நான் பைப்ப மாட்டறப்ப வந்து தலைய நீட்டுவான். நான் பாக்காத மாதிரி திரும்பிக்குவேன். கொஞ்சம் தலைய நனைச்சிக்குவான். அவ்ளோதான். நான் திரும்பிக்கிட்டதுக்கு எனக்கு ரொட்டி வச்சிருப்பான்."

போகிற வழியில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. எந்த நாட்டுக்காரன் என்று தெரியாது, இந்தி பேசுவான். பால் இல்லாத டீ போட்டுக் கொடுப்பான். மாமா சொல்லிக் கொடுக்க, தமிழில் ரெண்டு வார்த்தை கற்றுக்கொண்டான். சாப்டாச்சா? எங்க போறீங்க?

"ஊர உட்டுப் போயி எவ்ளோ காலம். ஒருத்தன் என்ன நிறுத்தி, நம்ம பாஷையில எங்க போறீங்கன்னு கேட்டான் பாப்பா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடிச்சி. சொல்லாம இருக்க முடியுமா? சொன்னேன். மணல் மேட்டுக்கு அந்தாண்ட பள்ளத்துக்குப் போறேன்னேன். நேத்திக்கு ஒரு நடதான், இன்னிக்கி நாலு நட அடிக்கணும், இடுப்பு போவுதுன்னேன். அடடா, வேல ஜாஸ்தின்னு இன்னொரு டீ குடுத்தான். தெனமும் கேட்டான். தெனமும் சொன்னேன்."

தண்ணீர் எத்தனை நடை போகிறது என்று தெரிந்தால், குடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். எங்கே போகிறது என்று தெரிந்தால், எங்கே இருக்கிறார்கள் என்றும் தெரிந்துவிடும். இதை மாமா எனக்கு மெதுவாகச் சொன்னார். மாவு மில்லில் நின்றுகொண்டிருந்ததால் எனக்கு உடனே புரிந்தது.

ஒரு காலையில் லாரியை ஓட்டிக்கொண்டு மணல் மேட்டைத் தாண்டினால் அங்கே ஒன்றும் இல்லை. எதிர்ப் பக்கத்து விமானம் வந்து போயிருந்தது.

"முந்தின நாளு நான் ஊத்தின தொட்டி கவுந்து கெடந்துச்சி. அதச் சுத்தி மட்டும் மணலு ஈரமா இருந்துச்சி. மத்தத நான் சொல்ல மாட்டேன் பாப்பா."

திரும்பி வரும்போது பஞ்சர் கடையில் நிறுத்தினாராம். கடை திறந்திருந்தது. ட்யூபை முக்கிப் பார்க்கிற தொட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. ஆள் இல்லை. பிறகு என்றைக்குமே இல்லை.

"அவன் சொல்லித்தான் வந்தானுங்களா, இல்ல அவனும் சும்மாதான் கேட்டானா? குண்டுக்குப் பயந்து ஓடிட்டானா? அவனும் செத்துட்டானா? தெரியாது பாப்பா. அது தெரிஞ்சாக்கூட அவனத் திட்டிட்டு நிம்மதியா இருப்பேன். பந்தியில உக்காந்துக்கிட்டு நல்லதுதான பண்ணீங்கங்கறாங்க. அந்தப் பசங்க அடுத்தவன் நாட்டப் புடிச்சவனுங்கதான். இல்லங்கல. ஆனா தண்ணி குடிச்சிருந்தானுங்களே, என் கையால."

கரண்ட் வந்தது. மெஷின் ஓடத் தொடங்கியது. மாமா எழுந்து சீயக்காயைத் தள்ளினார். நான் ஏதாவது சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. டின்னை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இதற்குப் பிறகு பல வருஷம் கழித்து, என் மகன் வெளிநாடு போகக் கிளம்பினான். ஒரு கேட்டரிங் கம்பெனியில் சமையல் வேலை. மணல்காட்டில் ஏதோ முகாமாம், அங்கே இருக்கிறவர்களுக்கு ஆக்கிப் போட வேண்டும். மாமா கடலூரிலிருந்து அதற்காகவே வந்தார். அப்போது மில்லை மூடிவிட்டிருந்தார். நடக்கும்போது மூச்சு வாங்கியது.

"எந்த மொகாமு?" என்று மாமா அவனைக் கேட்டார். அவர் ஒருவரைக் கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அது பட்டாளத்து ஆளுங்க வந்து தங்கற எடம் பெரியப்பா. ஒண்ணும் பயமில்ல. ஏ.சி. ரூமு."

"போவாத சாமி."

"என்னா பெரியப்பா நீங்க? நான் என்ன சண்டைக்கா போறேன், சாம்பார் வைக்கப் போறேன். இப்ப எல்லாம் போன்லயே லொகேஷன் போட்டுடலாம். நான் எந்த எடத்துல நிக்கிறேன்னு அம்மா இங்கருந்தே பாத்துக்கலாம்."

மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனை அனுப்ப வாங்கிய கடனையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன். அவனைத் தடுக்கிற வழி எனக்குத் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது கீழ வீதியில் என்னிடம் சொன்னார்.

"எங்க இருக்கன்னு அவன நீ கேக்காத பாப்பா. எத்தினி பேருக்கு ஆக்கறன்னு கேக்காத. கேட்டா சொல்லிடுவான். நம்ம புள்ளைங்க, கேட்டா சொல்லிடும்."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஒரு நாள் காலையில், "சும்மா, காத்தாட" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வெளியே போனவர் திரும்பவில்லை. அக்கா எங்கே என்று தேடுவாள்? யாரைக் கேட்டாலும் "காத்தாடத்தான் போயிருப்பாரு" என்று சிரித்திருக்கிறார்கள். சாயந்திரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொல்லித்தான் தெரிந்தது. டாக்டரைப் பார்க்கிற வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சு வலிக்காகப் பல மாதங்களாக அங்கே வந்துகொண்டிருந்தாராம். அவர் உடம்புக்கு என்ன என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அக்கா அழவில்லை. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேய்யா" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது எங்கள் வீட்டுக்காரரும் இல்லை. அக்கா என்னோடு சிதம்பரத்தில்தான் இருக்கிறாள். என் மகன் இருக்கிற பக்கத்தில் மறுபடியும் சண்டை என்று டி.வி.யில் சொல்கிறார்கள். ஆள் இல்லாத விமானமெல்லாம் வருகிறதாம். போனை யாராவது ஒட்டுக் கேட்பார்களா, அவன் சொல்வது காற்றில் எங்கெல்லாம் போகும், ஐந்தாவது படித்த எனக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்துடு என்று சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது, விமானமும் ஓடவில்லை என்கிறான்.

நேற்று அவன் போன் செய்தான். எடுத்ததும் வாய் வரைக்கும் வந்துவிட்டது, எங்கடா இருக்க என்று. முழுங்கிவிட்டு, "சாப்டியா சாமி?" என்றேன். அது மட்டும்தான் கேட்டேன்.

"எங்கம்மா சாப்புட? புதுசா ஆளுங்க வந்து எறங்கியிருக்காங்க. நேத்திக்குப் போட்ட அரிசி மாதிரி இன்னிக்கி..."

நான் போனைக் கட் பண்ணிவிட்டேன்.

"ஏண்டி, லைனு கட்டாயிடிச்சா?" என்றாள் அக்கா.

நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். போன் மறுபடியும் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "எடு. எடுத்து நீ பேசு" என்றாள்.

எடுத்தேன். அவன் வாய் திறப்பதற்கு முன்னாலேயே நான் தொடங்கிவிட்டேன். "நீ பேசாத சாமி, நான் பேசறேன், நீ கேட்டுக்கிட்டு இரு. இங்க ஒரே வெயிலு. பெரியம்மாவுக்கு முட்டி வலி. எதுத்த ஊட்டுப் பூன நம்ம பரண் மேல குட்டி போட்டிருக்கு. ஒண்ணு கருப்பு, ஒண்ணு..." வாழ்நாள் முழுக்கப் பேசாத பேச்சையெல்லாம் பேசினேன். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. சன்னதியில் பூ விலை. மூச்சு விட நிறுத்தினால் அவன் ஏதாவது சொல்லிவிடுவானோ என்று பயம். அவன் குரலைக் கேட்கத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

"என்னாம்மா ஆச்சி உனக்கு? இவ்ளோ பேசற!" என்று இடையில் சிரித்தான்.

அவனுக்குப் பின்னால் ஏதோ பெரிய வண்டி வந்து நின்றது. என்ஜின் உறுமியது. யாரோ பைப்பை இழுத்துப் போடுகிற சத்தம். தண்ணீர் கொட்டுகிற மாதிரி இருந்தது. என்ன வண்டி என்று நான் கேட்கவில்லை. அந்தச் சத்தம் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று இன்னும் உரக்க, கருப்புக் குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.